அத்தானுக்கு ஏன் அழிக்கும் உரிமை இல்லை?



குடும்பப் போட்டோக்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று பொங்கலுக்குப் பேசினோம் அல்லவா? தம்பி மகன், வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு அதைச் சின்ன சர்வராக ஆக்கித் தந்துவிட்டான். யார் யாருக்கு என்ன உரிமை என்று வகுக்கும் வேலை என் தலையில். ஒரு வாரம் அவனிடம் மாணவனாக உட்கார்ந்தேன். (தப்பாக டைப் அடித்தால் அவன் விடும் பெருமூச்சு இருக்கிறதே, நான்கூட உங்களிடம் அப்படி விட்டதில்லை.)

முதல் புகார் அத்தானிடமிருந்து. “ஏன் மாப்ளே, என் கல்யாண போட்டோவை அழிக்க எனக்கே உரிமை இல்லையா?”

இல்லை அத்தான். லினக்ஸ் ஆட்களை மூன்றாகப் பிரிக்கிறது: உரிமையாளர், குழு, மற்றவர். உரிமைகளும் மூன்று. படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஃபோல்டர் என்றால் அந்த 1 உள்ளே நுழைவதற்கு. மற்றதெல்லாம் இரண்டாம் வகுப்புக் கூட்டல்தான். போட்டோ ஃபோல்டருக்கு 750 போட்டிருக்கிறேன். எனக்கு 7, எல்லாம் செய்யலாம். குடும்பக் குழுவுக்கு 5, உள்ளே போகலாம், பார்க்கலாம். வெளியாருக்குப் பூஜ்யம். ஒரு ஃபைலை அழிக்கும் உரிமை அந்த ஃபைலில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமையில் இருக்கிறது என்பது எனக்கே புதுப் பாடம்.

புதுப் படங்களைப் போட ‘வரவு’ என்று தனி ஃபோல்டர் உண்டு. அதற்கு ஸ்டிக்கி பிட் வைத்திருக்கிறேன். யாரும் போடலாம், ஆனால் அவரவர் போட்டதைத்தான் அவரவர் அழிக்க முடியும். அத்தான், அங்கே உங்கள் ராஜ்யம்.

பாஸ்வேர்டை அவரவரே வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் அதை அப்படியே எழுதி வைப்பதில்லை, திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றித்தான் வைக்கிறது. மறந்துவிட்டால் புதிதாக வைத்துத் தரலாம், பழையதை என்னாலும் பார்க்க முடியாது. நீளமாக வையுங்கள், போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்று படுத்த மாட்டேன். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமே 2017-ல் அந்த வழக்கம் வேண்டாம் என்றுவிட்டது. மாற்றச் சொன்னால் நாம் கடைசி எண்ணை மட்டும்தானே மாற்றுவோம்?

அக்கா கேட்டாள்: “எதுக்குடா இத்தனை பேருக்குத் தனித்தனியா? ஒரே பாஸ்வேர்டு வெச்சா எல்லாருக்கும் சுலபம்தானே?”

இதற்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

2009-ல் நான் வேலை பார்த்த பள்ளியில் ஐந்தாறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றை சர்வராக வைத்து மதிப்பெண் பட்டியலை எல்லாம் அதில் போட்டிருந்தோம். ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்டு. அது சாக்பீஸ் டப்பா மூடியின் உட்பக்கம் எழுதியிருக்கும். ஆசிரியர்களுக்கும் தெரியும், பையன்களுக்கும் தெரியும். காலாண்டுத் தேர்வு முடிந்து பட்டியலைப் பார்க்கிறேன், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கணக்கில் 74. விடைத்தாளில் 47. அவன்தான் கம்ப்யூட்டர் அறையே கதி என்று கிடப்பவன். யார் மாற்றியது என்று சர்வரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைத்தான் காட்டியது. நான் அந்தப் பையனைக் காட்டினேன்.

வகுப்பின் முன்னாலேயே கேட்டேன். “நான் இல்ல சார்” என்றான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். அவன் அப்பாவை வரவழைத்தேன். அந்த வருஷம் முழுக்க அவனைக் கம்ப்யூட்டர் அறைக்குள் விடவில்லை.

போன மாதம் போட்டோக்களுக்காகப் பழைய பென்டிரைவ்களைக் குடைந்தபோது அந்தப் பட்டியல் கிடைத்தது. நான் முதலில் டைப் அடித்த பிரதி. அதில் 74. 47-ஐ நான்தான் மாற்றிப் போட்டிருக்கிறேன். பிறகு சர்வரில் திருத்தியிருக்கிறேன். இன்னொரு நாள் பென்டிரைவிலிருந்து பழைய பிரதியை அதன் மேலேயே காப்பி செய்திருக்கிறேன். ‘ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா’ என்று அது கேட்டிருக்கும், நானும் படிக்காமல் ஆம் என்று அழுத்தியிருப்பேன். அன்று ஆளுக்கொரு பெயர் இருந்திருந்தால் முதலில் என் பெயர்தான் வந்திருக்கும்.

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் அவனுக்குப் போன் செய்தேன். ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து அனுப்பத் தவறாதவன். “தம்பி, எட்டாம் வகுப்பில் ஒரு விஷயம்...” என்று இழுத்தேன்.

“74 தானே சார்?” என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “பரவால்ல சார், பேக்கப் எடுக்கிறீங்களா இப்ப?” என்று சிரித்தான். எடுக்கிறேன் என்றேன். வைக்கப் போகும்போது, “சார், என் பேரு போடாம இதை உங்க பக்கத்துல எழுத முடியுமா? எங்க அப்பா நீங்க எழுதுறது எல்லாம் படிப்பார். அன்னைக்கு அவரும் என்னை நம்பல” என்றான்.

ஐயா, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த 74-ஐப் போட்டது நான்தான். உங்கள் மகன் அன்று சொன்னது அத்தனையும் உண்மை.

உறவுகளுக்கு: ஞாயிறு மாலை போன் செய்யுங்கள், உங்கள் பயனர் பெயரைத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்