விசில் கேட்டால் கரையேறுங்கள்

2022 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை. மலேசியாவின் பத்தாங் காலி அருகே மலைச்சரிவு பெயர்ந்து ஒரு முகாம் தளத்தை மூடிவிட்டது என்ற செய்தி, விடிவதற்கு முன்பே எங்கள் ரேஞ்சர்களின் கைப்பேசிகளுக்கு வந்துவிட்டது. பள்ளி விடுமுறை. கூடாரங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூர் சீனப்பள்ளி ஒன்றின் ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அதில் இருந்தார்கள்.

அன்றே ஆற்றோர, மலையோர முகாம்களை ஒரு வாரம் மூட உத்தரவு வந்தது. சிலாங்கூரில் நான் பணியிலிருந்த நீர்வீழ்ச்சிப் பூங்காவில் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றினோம். கிள்ளானிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் ஒன்று அப்போதுதான் பாயை விரித்திருந்தது.

"தம்பி, வெயில் இப்படிக் காயுது, எங்கய்யா மழை?" என்றார் பாட்டி.

"மழை மேல மலையில பெய்யும்மா. இங்க தெரியாது. தண்ணி கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், அப்புறம் ஓன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் பிள்ளைகளைத் தூக்கிட்டு ஓட நேரம் இருக்காது."

"ஒரு மணி நேரம் விடுங்கண்ணே" என்று கெஞ்சிய பேரனிடம் கைப்பேசியை நீட்டினேன். திரையில், பத்தாங் காலியில் சேற்றில் முழங்கால் புதைய பொம்பா (தீயணைப்பு மீட்புப் படை) வீரர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவன் ஒன்றும் பேசாமல் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தான்.

மண்ணுக்குள் சிக்கியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அன்று பகல் முழுக்க மாறிக்கொண்டே இருந்தது. அந்த முகாம் தளத்துக்கு விவசாயம் செய்யத்தான் உரிமம் இருந்தது, முகாம் நடத்த இல்லை என்று அமைச்சர் அறிவித்தார். உறவினர்கள் காவல் நிலையத்தில் காத்துக் கிடந்தார்கள். மோப்ப நாய்களோடு தேடி, டிசம்பர் 24 அன்று கடைசி உடலை எடுத்தார்கள். மொத்தம் 31 பேர்.

காட்டுக்குள் போகிறவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி, பெர்மிட் இல்லாமல் நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. இதைச் சொல்லும்போதெல்லாம், காசு பிடுங்கப் பார்க்கிறோம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தப் பெர்மிட்டில்தான் உங்கள் பெயரும், கூட வந்தவர்களின் எண்ணிக்கையும், வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. பொழுது சாய்ந்தும் நீங்கள் இறங்கவில்லை என்றால், யாரைத் தேடுவது, எத்தனை பேரைத் தேடுவது என்பது அதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

மண் சரிந்த பிறகு சட்டத்தால் விசாரணைதான் நடத்த முடியும். உயிரைக் காக்க வேண்டுமானால், அது முந்தின நாள் மாலையே வாசலில் நின்று "இன்றைக்கு வேண்டாம், திரும்புங்கள்" என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல இன்னும் அதிகமான ரேஞ்சர்களை அரசு காட்டுக்குக் கொடுக்கட்டும். விசில் சத்தம் கேட்டால் காரணம் கேட்டு நிற்காதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதலில் கரையேறுங்கள்.