மணலும் பொன்னும்

மேலைநாட்டுக் கடற்கரைகளில் விடுமுறை நாள்தோறும் காணத்தக்க காட்சி ஒன்றுண்டு. அடியில் வட்டத் தட்டு பொருத்திய நீண்ட கோலினைச் சிலர் மணலின்மேல் இடமும் வலமும் அசைத்துக்கொண்டு மெல்ல நடப்பர். ஒலி எழுந்தவுடன் அமர்ந்து தோண்டுவர். அகப்படுவன பெரும்பாலும் துருவேறிய ஆணிகளும் புட்டி மூடிகளுமே. அரிதாக மோதிரமோ காசோ கிடைத்தலும் உண்டு.

அக்கோலே உலோகங்காட்டும் கருவி. தட்டினுள் அமைந்த கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயுங்கால் காந்தப்புலம் தோன்றும். அப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தைச் சார்ந்ததும் அவ்வுலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அதனை உணர்ந்து கருவி ஒலிக்கும். 1881 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேடுதற்குக் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை அமைத்தார். எனினும், குண்டிருந்த இடம் புலப்படவில்லை.

உலோகம் உண்டு என்று உரைக்கும் கருவி, அதன் வரலாற்றை உரைக்க வல்லதன்று. வரலாற்றை உரைப்பது பொருள் கிடந்த இடமும், உடன் கிடந்த பிறவுமே. இதற்குப் புதுக்கோட்டை மாவட்டமே சான்று பகரும். 1898 ஆம் ஆண்டில், அந்நாளில் தனியரசாய் விளங்கிய புதுக்கோட்டையைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில், 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டசு முதல் வெஸ்பாசியன் வரையுள்ள பேரரசர் காலத்தவை அவை. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் வெட்டிய வடு காணப்பட்டது. மீண்டும் நாணயமாக வழங்காதிருத்தற்பொருட்டே அங்ஙனம் வெட்டினர் என்பது அறிஞர் பலர் கருத்து.

ஒரு காசில் மட்டும் அவ்வடு இருப்பின், அதனைத் தற்செயலாக நேர்ந்த சிதைவு என்றே கொள்வர். நூற்றுக்கணக்கான காசுகளில் ஒருசேரக் கண்டமையாலன்றோ, அது கருதிச் செய்த செயல் என்பது தெளிவாயிற்று! அவை தனித்தனியே விற்கப்பட்டோ, உருக்கப்பட்டோ போயிருப்பின், பொன் எஞ்சியிருக்கும், செய்தி மாய்ந்திருக்கும்.

இதனை எண்ணியே சட்டமும் வகுத்துள்ளனர். 1878 ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும். அரசு அதனைத் தனக்கெனக் கொள்ளுமாயின், அதன் விலையோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டித் தரும். ஆகவே நேர்மையால் இழப்பில்லை. மறைத்தவர்க்கோ தண்டனை உண்டு.

மணமேற்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய கரையூர்களில் மணலளைந்து விளையாடும் சிறுவர் கையில் பழங்காசொன்று நாளை அகப்படலாம். அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்குதலும், கடைக்குக் கொண்டு செல்லுதலும் எளிய செயல்களே. அது கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமோ ஊர் அலுவலரிடமோ ஒப்படைத்தல் அரிய செயல். பொன்னைக் கண்டவர் பலர். பொன் கூறும் செய்தியைக் காத்தவரே நாட்டுக்கு உண்மையில் பொருள் ஈட்டித் தந்தவர் ஆவர்.