காலிக் கோனுக்கும் ஒரு படக்கதை வேண்டும்!

குழந்தைகளின் படப்புத்தகங்களில் பொம்மை என்றாலே பெரும்பாலும் கரடி, ரயில், ரோபோ. எங்கள் ஆர்.கே.பேட்டையில் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்கோ, நூல் தீர்ந்த காலிக் கோன்தான் பொம்மை. அடுக்கினால் கோபுரம், வாயில் வைத்தால் மைக், தலையில் கவிழ்த்தால் கிரீடம்!

இந்தக் கற்பனை நமக்குப் புதிதல்ல. குதிரை பூட்டாமல் சிறுவர்கள் உருட்டிய மூன்று சக்கரத் தேரைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என மூன்று பருவங்கள் விளையாட்டுக்கே! கழிவுப் பொருள்களில் பொம்மை செய்யக் கற்றுத்தரும் அர்விந்த் குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் பல வீடுகளில், ‘குப்பை’ என்று கோனைப் பிடுங்கிவிட்டு போனைக் கொடுக்கிறார்கள். சரி, அந்த போனிலேயே ‘ஸ்டோரிவீவர்’ தளத்தைத் திறக்கலாமே? பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கியது. தமிழ்ப் படக்கதைகள் இலவசம்.

அக்கா மகளுக்கு அதில்தான் கதை படித்துக்காட்டுகிறேன். பாதியிலேயே எழுந்து கோனைத் தேடி ஓடிவிடுவாள். “கதையை முழுசா கேட்க மாட்டேங்கிறாளே” என்று அக்காவுக்குக் கவலை. எனக்கு இல்லை. பிள்ளையை எழுந்து விளையாட வைப்பதுதானே நல்ல படக்கதை?

அந்தத் தளத்தில் நாமே கதை எழுதவும் முடியும். காலிக் கோனும் ஒரு பக்கத்தில் வந்துவிட்டால், பிறகு அதை யார் குப்பை என்பார்கள்?