ஆலத்தூர் நாட்டில் ஒரு பெயர் வேட்டை

கொல்லிமலைக்கு நீங்கள் போயிருக்கலாம். 70 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆகாய கங்கையில் நீராடி, மலை வாழைப்பழத்துடன் திரும்பியிருப்பீர்கள். ஐப்பசியில் நான் போனது ஆலத்தூர் நாட்டுக்கு. (மலையில் ஊர்த் தொகுதிக்கு 'நாடு' என்று பெயர், ராஜா, மந்திரி யாரும் கிடையாது!) கொண்டு வந்ததோ, ஊறுகாய்ப் புட்டியில் கொஞ்சம் பாசி.

வயலோரக் குட்டையில் மிதந்தது அது. கையில் அள்ளினால், சோப்பு நீரில் நனைத்த பச்சைப் பட்டு நூல் போல ஒரே வழவழப்பு. குடம் கழுவ வந்த பாட்டி சிரித்துவிட்டாள்.

"பாசியையா தம்பி கொண்டு போறே? நான் அதை வழிச்சு எறியறவ!"

ஊர் திரும்பியதும், தாவரவியல் கற்பிக்கும் அம்மாள் ஒருவர் அதில் ஓர் இழையை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். அடடா! கண்ணாடிக் குழாய்களை நீளமாகக் கோத்தாற்போல அறைகள். ஒவ்வோர் அறைக்குள்ளும் பச்சை ரிப்பன் சுருள் சுருளாக ஓடியது.

"ஸ்பைரோகைரா" என்றார்.

"எந்த ஸ்பைரோகைரா?"

"400 இனங்களுக்கு மேல் உண்டே! அறையின் அகலத்தை அளக்கலாம், ரிப்பன்களை எண்ணலாம். ஆனால் இதற்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஆகாமல் பெயரை நிச்சயிக்க முடியாது."

வேடிக்கை இல்லை, சகோதரிகளே. பெரும்பாலும் குட்டை வற்றும் காலத்தில் இரண்டு இழைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து படுக்கும். நடுவே ஏணிப்படி மாதிரி குழாய்கள் முளைக்கும். ஓர் இழையின் அறையில் உள்ளதெல்லாம் எதிர் அறைக்குப் போய்விடும். ஆம், வீட்டோடு மாப்பிள்ளைதான்! இரண்டும் கலந்து, தடித்த ஓட்டுடன் ஒரு வித்தாகி, வறட்சியைத் தாங்கிக் கிடக்கும். அந்த வித்தின் வடிவம், நிறம், ஓட்டிலுள்ள சித்திர வேலை இவற்றைப் பார்த்துத்தான் இனத்தைச் சொல்ல வேண்டுமாம்.

இந்தப் பாசிக் குடும்பத்துக்கே ஒரு பெரிய புத்தகம் எழுதியவர், ஐ.சி.எஸ். அதிகாரி எம். எஸ். ரந்தாவா. 1947-ல் டில்லியின் டெபுடி கமிஷனராக இருந்தவர். புத்தகம் வந்தது 1959-ல். அத்தனை அமளிக்கு நடுவிலும் வாழ்ந்த மனிதருக்குக் குட்டைப் பாசியை மறக்க மனம் வரவில்லை, பாருங்கள்!

என் புட்டியில் இப்போது ஊர், மாதம், 'ஸ்பைரோகைரா' என்று மட்டும் சீட்டு ஒட்டியிருக்கிறது. குட்டை வற்றும் சமயம் பார்த்து மறுபடி போக வேண்டும். அதுவரை அந்தப் பாட்டி வழித்து எறியாமல் இருக்க வேண்டுமே!