முன்னும் பின்னும்

சென்ற அறுப்பின் பண்டிகைக்கு, செங்கற்பட்டை அடுத்த எம் சபைக்கு ஆங்கிலம் பேசும் பெரியார் ஒருவர் வந்திருந்தார். தமிழ் ஆனர்ஸ் படிக்கும் பிள்ளையாயிற்றே என்று மொழிபெயர்ப்புப் பணியை எம் தலையில் ஏற்றினர். விளைவு குன்றி மனந்தளர்ந்திருந்த சபையாரைத் தேற்ற விரும்பி, நல்ல ஆண்டுகள் நமக்கு 'பிபோர்' உள்ளன என்று அவர் முடித்தார். பிபோர் என்றால் முன் என்பது பாலர் வகுப்புப் பாடமன்றோ? "நல்ல ஆண்டுகள் நமக்கு முன்னே!" என்று முழங்கினோம். முன்வரிசைப் பாட்டியார் ஒருவர் பெருமூச்செறிந்து, "மெய்தான் தம்பி, முன்னேதான் நல்ல காலம்; இப்போது என்ன இருக்கிறது?" என்றார். பலரும் தலையசைத்தனர். தேற்ற வந்தவரின் சொல்லைக் கொண்டே அவர்களைத் தளரச்செய்தவர் யாமே.

மறுநாள் அப்பெரியாரை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். கடற்கரைக் கோயிலில் சிவன் சந்நிதிகள் இரண்டு. பெரியது கிழக்கே கடலை நோக்கும். சிறியது மேற்கே ஊரை நோக்கும். இவற்றிடையே பள்ளிகொண்ட திருமால். கி. பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் இக்கற்றளியை எடுப்பித்தான். அதற்கும் முன்பே அங்கிருந்த பாறையில் அத்திருமால் வடிக்கப்பெற்றார் என ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆகவே, கோயிலை அணுகும்போதே, இதற்குப் 'பிபோர்' ஒரு திருமால் உண்டென்று ஆங்கிலத்தில் மொழிந்தோம். பெரியார் விரைந்து கீழ்ப்புறம் சென்று, அலைகளைப் பார்த்து, "எங்கே?" என்றார்! காலத்தால் முன்னவர், பெரிய சந்நிதிக்கு இடத்தால் பின்னே கிடக்கிறார். ஆங்கிலச் சொல் ஆங்கிலம் வல்லாரையே இடறியது கண்டு எமக்குச் சிறிது ஆறுதல் உண்டானதை மறைப்பானேன்?

திருக்கழுக்குன்றம் வழியாக மீளும்போது இதே நினைவு. தொல்காப்பியர் காலங் குறிக்கும் எச்சங்களோடு எண்ணிய முன், பின், கடை, வழி முதலியன இடத்தைச் சுட்டும் சொற்களே. நிகழ்ச்சிகள் வரிசையாய்ச் செல்வனபோல முந்தியது முன், பிந்தியது பின். முன்னோர் என்பதும் அவ்வாறே. ஆங்கிலப் 'பிபோர்', 'ஆப்டர்' இரண்டும் இவ்வரிசையில் நிற்கும். 'அஹெட்', 'பிஹைண்ட்' என்பனவோ மனிதனையே நடக்க விடுகின்றன: வரவேண்டியது அவன் முன், கழிந்தது அவன் முதுகில். பிபோர் மட்டும் இரு வீட்டிலும் உண்ணும். தமிழில் வருவதற்கு வேறு சொல் உண்டே, எதிர்காலம்! 'எதிரே வருகின்றன' என்றிருந்தால் போதும். அச்சொல் எமக்கு ஒருநாள் பிந்தி வந்தது.

அடுத்த ஞாயிறு பாட்டியாரைக் கண்டு, "நல்ல ஆண்டுகள் இனி எதிரே வருகின்றன என்பதே அவர் கருத்து, பாட்டி" என்றோம்.

"வருமுன் ஒரு வார்த்தை சொல்லு, தம்பி" என்றார்.