நாற்பத்து நான்கு வயதில் மலைச் சைக்கிள்

2022 ஜூலை மாதத்தில் எனது மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று வாரங்களாக அசையாமல் நின்றது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபாவாகியிருந்தது. அந்த விலையைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவனுக்கும் பெற்றோல் இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் வரிசையில் நின்று வெறுங்கையுடன் திரும்பிய பின்னர், இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவு செய்தேன். பிறகு கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அதற்குள் நான் சைக்கிள்காரனாகிவிட்டேன்.

நான் படிப்பிக்கும் பாடசாலை வீட்டிலிருந்து எட்டுக் கிலோமீற்றர். தெல்தோட்டைப் பக்கத்து எட்டுக் கிலோமீற்றர் என்றால் சமதரையின் எட்டு அல்ல. ஏறி இறங்கி மறுபடி ஏறுகின்ற எட்டு. கண்டியில் ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களை விற்கும் கடையொன்றில் 38,000 ரூபாவுக்கு ஒன்றை வாங்கினேன். இரும்புச் சட்டம், 26 அங்குலச் சில்லு, முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. சில மாதங்களுக்கு முன்னர் வந்திருந்தால் பாதி விலைக்குத் தந்திருப்பேன் என்று கடைக்காரரே சொன்னார். ஊரெல்லாம் சைக்கிள் தேடிய காலம் அது.

மனைவி அதைச் சுற்றிவரப் பார்த்துவிட்டு, "இதுல ஜுப்பாவோட போறதா?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இரண்டாம் நாளே ஜுப்பாவின் ஓரம் செயினில் சிக்கிக் கறுப்பெண்ணெயில் குளித்தது. அன்றிலிருந்து காற்சட்டையுடன் மிதித்துப் போய், பாடசாலையில் உடை மாற்றிக்கொள்கிறேன். தொப்பிக்கு மேல் ஹெல்மட் போட்ட மௌலவியைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரு வாரம் சிரித்தார்கள். பள்ளிவாசல் வாசலில் பெரியவர்கள் அதைவிடக் கூடுதலான நாட்கள் சிரித்தார்கள்.

பஸ் பாதையில் லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் களைத்துப்போய், ஒருநாள் தோட்டத்துக் கல் ரோட்டில் திரும்பினேன். அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுந்து ஏற்றிய பாதைகள் அவை. தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து லயத்தருகே இறங்கி, ஓடையைத் தாண்டி மீண்டும் ஏறும். இந்த மலைகளில்தான், லூல்கந்துரையில், ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பிறந்ததிலிருந்து இந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அன்றுதான் அவற்றுக்குள் போனேன். மூச்சு வாங்கி, இறங்கித் தள்ளி, மீண்டும் ஏறி, மேட்டின் உச்சியில் நின்றபோது சட்டை நனைந்து பிழியும் நிலையில் இருந்தது. மனம் மட்டும் பத்து வயதுப் பையனுடையதாக இருந்தது.

அதற்கு முந்திய ஆண்டு இரத்தப் பரிசோதனையில் சீனி 138 என்று வந்திருந்தது. டொக்டர் மாத்திரை எழுதிவிட்டு நடக்கச் சொன்னார். நான் நடக்கவில்லை. நடப்பதென்பது யாராவது ஞாபகப்படுத்த வேண்டிய காரியமாகவே எனக்கு இருந்தது. சைக்கிளுக்கு ஞாபகப்படுத்தல் தேவைப்படவில்லை. சனிக்கிழமை ஸுபஹுக்குப் பின்னர் கால்கள் தாமாகவே முற்றத்துக்குப் போயின.

ஆசை வந்தால் செலவும் வரும். எனது முதல் தவறு டயரில் நடந்தது. கல் ரோட்டுக்குப் பிடிமானம் போதாதென்று புதிய டயர் கேட்டேன். "எத்தனை?" என்றார்கள். "26" என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் அது ரிம்மில் நிற்கவில்லை. ஒரு பக்கம் பொருத்தினால் மறு பக்கம் கழன்றது. 26 என்பது ஓர் அளவல்ல, பல அளவுகளின் பெயர் என்று அன்றுதான் படித்தேன். சாதாரண நகரச் சைக்கிளின் 26 x 1 3/8 டயர் 590 மில்லிமீற்றர் ரிம்முக்கானது. மலைச் சைக்கிளின் 26 x 1.95, 26 x 2.1 எல்லாம் 559 மில்லிமீற்றர் ரிம்முக்கானவை. டயரின் பக்கவாட்டில் 37-590, 54-559 என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 26 ஐ நம்பாதீர்கள்.

இரண்டாவது தவறை எழுத எனக்கு இன்றும் கூச்சம்.

என் மருமகன், தங்கையின் மகன், தொலைபேசியில் படங்கள் காட்டினான். முன்னால் ஸ்பிரிங் போர்க் பூட்டிய சைக்கிள்கள் பாறைகளில் பாய்ந்து இறங்கின. எனக்கும் கை உளைந்துகொண்டிருந்தது. 14,500 ரூபாவுக்கு ஒரு ஸ்பிரிங் போர்க் வாங்கிப் பூட்டினேன். கண்ணாடிக்கு முன் நிற்கும் மாப்பிள்ளையைப்போல சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக்கைப் பார்க்கவில்லை. ஜப்பானில் எத்தனை வருடம் கிடந்ததோ, அந்த றப்பர்கள் கல்லாகியிருந்தன. கம்பியின் நுனி பிரிந்து துருவேறியிருந்தது. லீவரை முக்கால்வாசி இழுத்த பிறகே பிடித்தது. பிடிக்கிறதுதானே என்று இருந்துவிட்டேன்.

ஒக்டோபர் மாதம், அஸருக்குப் பிந்திய நேரம், மழை விட்டு அரை மணி ஆகியிருக்கும். லயத்துக்கு மேலேயுள்ள இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். வளைவைத் தாண்டியதும் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் பாதை முழுவதும் நடந்து வருவது தெரிந்தது. அவர்களுக்கு முன்னால் ஆறு ஏழு வயதுப் பெண் பிள்ளையொன்று, பாடசாலைச் சீருடையுடன். இரண்டு லீவரையும் இழுத்தேன். இரண்டும் ஹேண்டிலைத் தொட்டன. சைக்கிள் நிற்கவில்லை.

கத்தினேனா என்று ஞாபகமில்லை. மலைப் பக்கத்துக் கானுக்குள் முன் சில்லைத் திருப்பியது மட்டும் ஞாபகம். விழுந்து எழும்பியபோது இடது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பயந்து அழுதுகொண்டிருந்தாள். ஓர் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "பாத்து வாங்க சேர், இது புள்ளைங்க வர்ற பாதை" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். இன்னொருவர் என் சைக்கிளைத் தூக்கி நிறுத்தித் தந்தார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் ஹதீஸை இருபது வருடங்களாக வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மணிக்கட்டில் வெடிப்பு. நான்கு வாரம் பிளாஸ்டர். அது கழற்றிய பின்னர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கலஹாவில் சைக்கிள் திருத்தும் நானா ஒருவரிடம் போனேன். அவர் முதலில் போர்க்கைத் தட்டிப் பார்த்தார்.

"இது எவ்வளவு சென்னாங்க, மவ்லவி?"

"14,500."

"பிரேக் றப்பர் நாலும் என்ன விலைக்கி ஈக்கி தெரியுமா? 900."

பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேலையைத் தொடங்கினார். அன்று அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கற்றதை இங்கே எழுதுகிறேன். கையில் கொஞ்சம் சல்லி வைத்துக்கொண்டு எதை முதலில் மாற்றுவது என்று யோசிக்கும் வாசகர் யாருக்கேனும் உதவலாம்.

நான்கு றப்பரும், துருவேறாத உட்கம்பிகளும், வெளிக்குழாய்களும் புதிதாகப் போட்டார். வெளிக்குழாயைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் என்றார். அது தளர்ந்திருந்தால் நாம் இழுக்கும் இழுவையில் பாதி குழாயை நசுக்குவதிலேயே போய்விடும். றப்பரின் முன் நுனி ரிம்மில் சற்று முந்தித் தொடும்படி சரித்துப் பூட்டினார். கீச்சிடும் சத்தம் அதனால் குறைகிறது. டிஸ்க் பிரேக் போட முடியாதா என்று கேட்டேன். சட்டத்திலும் ஹப்பிலும் அதற்கான இடமே இல்லையென்று காட்டினார். மலிவான கம்பி டிஸ்க்கைவிட ஒழுங்காகப் பூட்டிய இந்த வி-பிரேக் மேல் என்பது அவருடைய கட்சி. இவ்வளவு காலம் ஓட்டிய பின்னர் நானும் அந்தக் கட்சிதான். ஒரு குறை உண்டு: ரிம் நனைந்திருந்தால் முதல் ஒரு சுற்றுத் தண்ணீரை வழிப்பதிலேயே போய்விடும். ஆகவே மழை நாளில் வளைவுக்கு வெகு முன்னரே இலேசாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும். புதிதாக வாங்குவோருக்கு வசதியிருந்தால் எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ளதை எடுக்கலாம். ஷிமானோவின் அடிமட்டத் தரமான எம்.டி.200 கூடப் போதும்.

ஸ்பிரிங் போர்க்கைக் கழற்றிப் பழைய இரும்புப் போர்க்கையே மீண்டும் பூட்டினார். எனக்கு முகம் வாடிவிட்டது. மலிவான ஸ்பிரிங் போர்க் இரண்டரைக் கிலோ வரும். இரும்புப் போர்க் ஏறத்தாழ ஒரு கிலோ. ஸ்பிரிங் அமுங்கும், ஆனால் மீண்டு வரும் வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே ஒன்றுமில்லை. ஆகவே கல்லில் விழுந்த சில்லு திரும்ப உதைக்கும். அதன் வேலையில் பாதியை அகலமான டயர் செய்துவிடும் என்று சொல்லி, 54-559 டயர் இரண்டைப் போட்டுக் காற்றைச் சற்றுக் குறைத்தார். மிகவும் குறைக்கக் கூடாது. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கொத்தியதுபோல் இரண்டு ஓட்டை விழும். எனக்கு இரண்டு தடவை விழுந்திருக்கிறது.

கியர் விடயத்தில் நான் கணக்குப் போட்டேன். எனது முன் சின்னச் சக்கரம் 24 பல், பின் பெரிய சக்கரம் 28. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 1.77 மீற்றர் நகரும். பின்னால் 34 பல் போட்டால் அது 1.46 மீற்றராகக் குறையும். கால் அதிகம் சுற்ற வேண்டும், ஆனால் முழங்கால் தப்பும். ஏழு பல்சக்கரமும் சேர்ந்த 14-34 தொகுதி, அந்த 34 ஐத் தாங்கும் பின் கியர்க் கை, புதிய செயின் மூன்றும் இரண்டு மாதச் சம்பளத்தில் பிரித்து வாங்கினேன். எல்லாம் ஷிமானோவின் ஆகக் கீழ்த் தரமான டூர்னி. அதற்கு மேலே அல்டஸ், அசேரா, அலிவியோ, டியோர் என்று பாவித்த பொருட்கள் சந்தையில் கிடைக்கின்றன. மேலே போகப் போக வேலை மென்மையாகும், பாரமும் குறையும். எனது வயதுக்கும் வேகத்துக்கும் டூர்னி குறையொன்றும் வைக்கவில்லை.

ஒன்றை மட்டும் பணம் போட்டும் சரிசெய்ய முடியவில்லை. மலிவான சைக்கிள்களில் பின் பல்சக்கரத் தொகுதி ஹப்பின்மேல் திருகிப் பூட்டும் வகை. அதனால் வலது பக்கத்து பெயரிங் உள்ளே தள்ளியிருக்கும். வெளியே நீண்டு நிற்கும் அச்சு, கல்லில் விழுந்து விழுந்து வளையும். எனக்கு ஒன்று வளைந்துவிட்டது. புதிதாக வாங்குவதானால் பல்சக்கரங்கள் ஹப்பில் கோத்துப் பூட்டும் கெசட் வகையா என்று கேட்டு வாங்குங்கள். வெளியே மினுங்கும் எந்தப் பாகத்தையும்விட அந்தக் கேள்வி பெறுமதியானது.

செயினுக்கு எனது வகுப்பறை இரும்பு அடிமட்டமே கருவி. ஓர் ஊசியின் நடுவிலிருந்து பன்னிரண்டு அங்குலம் அளந்தால், புதுச் செயினில் இன்னோர் ஊசியின் நடுவில் சரியாக முடியும். 1/16 அங்குலம் தாண்டினால் செயினை மாற்றுவேன். 1/8 வரை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்துவிடும். அப்போது செலவு பல மடங்கு.

கை பிளாஸ்டரில் இருந்த நாட்களில் மருமகன் இந்த விளையாட்டின் பிறப்பைத் தேடிப் படித்துக் காட்டினான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், 1976 ஒக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் மலை இறக்கமொன்றில் போட்டி வைத்தார்கள். அவர்களிடம் இருந்தவை பெருத்த டயர் போட்ட பழைய காலத்துச் சைக்கிள்கள். அங்கிருந்தும் இங்கிருந்தும் பொறுக்கிய பாகங்கள். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கி முடிக்கையில் ஹப்புக்குள் இருந்த கிறீஸ் சூட்டில் உருகிப் புகைந்துவிடும். மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரிபேக் என்று பெயர் வந்தது. அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைக்கென்றே ஒரு சைக்கிளைக் கட்டினார். 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே இடம்பெற்றது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. புகைந்த பிரேக் மட்டும் மறக்கவில்லை.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் லூல்கந்துரைப் பக்கம் போகிறேன். மகனும் வருகிறான். வெளிநாட்டார் பைகளைச் சுமந்து நடந்து வருவார்கள். கலஹாவிலிருந்து லூல்கந்துரைக்கு வரும் பீக்கோ நடைபாதை அவர்களை இந்த மலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. சீனி கடைசியாக 112. மாத்திரையும் தொடர்கிறது, சோற்றையும் குறைத்திருக்கிறேன். ஆகவே சைக்கிளுக்கு மட்டும் பெருமை சேர்க்க மாட்டேன்.

லயத்துக்கு மேலேயுள்ள அந்த வளைவில் நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறோம். பெண்கள் வரும் நேரமானாலும் சரி, பாதை வெறுமையாக இருந்தாலும் சரி. அந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டாள். கண்டால் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கானோரம் ஒதுங்கியும் நிற்பாள்.

14,500 ரூபா போர்க் கோழிக்கூட்டில் குறுக்கே கட்டியிருக்கிறது. சேவல் அதில்தான் உறங்குகிறது. முன் டயரின் முட்கள் தேய்ந்துவிட்டன. வரும் மாதம் அதை மாற்ற வேண்டும்.