பந்து வராத பக்கம்

அமெரிக்கர்கள் 'புட்போல்' என்று அழைக்கும் ஆட்டத்தில் பாதத்துக்கு வேலை மிகக் குறைவு. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், எறிவதும், எறிந்ததைப் பிடிப்பதும், பிடிக்க வருபவரை மறிப்பதுமே அதன் பெரும்பகுதி. எமது உதைபந்தாட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது விளங்குவதற்குச் சிறிது காலம் எடுக்கும். ஆனால், ஆட்டம் எதுவுமே நடைபெறாத சித்திரை மாதத்து மூன்று நாட்களில் அந்நாட்டு இரசிகர்கள் கொள்ளும் ஆவேசத்தை விளங்கிக்கொள்வதற்கு ஆட்டத்தின் விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது வருடாந்த வீரர் தெரிவு நடைபெறும் காலம்.

1936ஆம் ஆண்டு பிலடெல்பியாவின் ஹோட்டல் ஒன்றில் முதன்முதலாக நடந்த ஏற்பாடு இது. பணபலம் உள்ள கழகங்களே பல்கலைக்கழகங்களில் இருந்து வெளிவரும் நல்ல வீரர்கள் அனைவரையும் அள்ளிச்செல்வதைத் தடுப்பதற்காக, முந்திய ஆண்டில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்று வகுத்தார்கள். இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள். முதலாளித்துவத்தின் தலைநகரில் தோற்றவனுக்கு முன்னுரிமை வழங்கும் இப்படியொரு சமதர்ம ஏற்பாடு எவ்வாறு நிலைத்தது என்பது தனியே ஆராயப்படவேண்டிய விடயம்.

1999இல் பிலடெல்பியா இரசிகர்கள் சிலர் வானொலி நிகழ்ச்சியொன்றின் ஏற்பாட்டில் நியூயோர்க்கிற்குச் சென்று, தமது அணி தெரிவுசெய்த டொனவன் மெக்னாப் மேடைக்கு வந்தபோது கூச்சலிட்டு அவமதித்தார்கள். அவர்கள் விரும்பியது வேறொருவரை. பின்னாளில் அதே மெக்னாப் அந்த அணியை 'சுப்பர் போல்' வரை அழைத்துச்சென்றார். அவர் பந்தெறிபவர், குவார்ட்டர்பெக். அவருடைய வெற்றியும் தோல்வியும் எல்லோருக்கும் தெரியும். பின்வரிசைக் காவலர் ஒருவரின் நிலை அவ்வாறானதல்ல.

எதிரணியின் பந்தெறிபவர் தூரத்தே ஓடும் தன் சகாவுக்குப் பந்தை எறிவார். அந்தச் சகாவின் நிழலாக ஓடி, பந்து அவர் கையில் சேராமல் பார்ப்பதே காவலரின் தொழில். அவர்களிலும் ஓரத்தில் தனித்து நிற்பவரைக் 'கோர்னர்பெக்' என்பார்கள். எதிராளி எங்கே ஓடப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது; பெரும்பாலும் பின்னோக்கி ஓடியபடியே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை தவறினால் அதனை இலட்சக்கணக்கானோர் பார்ப்பார்கள். தவறாமலே இருந்தால் பந்தெறிபவர் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிடுவார். அப்போது ஆட்டம் முடிந்தபின் புள்ளிவிபரத் தாளில் அந்தக் காவலரின் பெயருக்கு எதிரே பூச்சியங்களே இருக்கும்.

நான் பணியாற்றிய பத்திரிகையொன்றில் ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகளில் அவருடைய பெயர் ஒருநாளேனும் பத்திரிகையில் வெளிவந்ததில்லை. அவர் விடுமுறையில் இருந்த ஒரு வாரத்தில் மரண அறிவித்தல் ஒன்றில் காலமானவரின் பெயரும் தகவல் தந்த மகனின் பெயரும் இடம்மாறி அச்சாகிவிட்டன. மறுநாட் காலை அந்த மகன் அலுவலகப் படியேறி வந்து நின்றபோதுதான், அந்த ஒப்புநோக்குநர் இத்தனை ஆண்டுகளாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பது நிர்வாகத்துக்குப் புரிந்தது. கோர்னர்பெக் பற்றிய விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய நினைவு வரும்.

2013 சித்திரையில் நான் நியூஜேர்சியில் என் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். அவளுடைய மகன் நியூயோர்க் ஜெட்ஸ் அணியின் தீவிர இரசிகன். பெயர் நியூயோர்க் என்றாலும் அந்த அணியின் மைதானம் இருப்பது நியூஜேர்சியில்தான். அந்த வாரம் அவன் துக்கவீட்டுக்காரனைப் போல் இருந்தான். டெரல் ரெவிஸை அணி விற்றுவிட்டிருந்தது.

2007இல், 25ஆவது இடத்தில் நின்ற ஜெட்ஸ், கரோலைனா அணியுடன் பேரம் பேசி 14ஆவது இடத்துக்கு முன்னேறித் தெரிவுசெய்த வீரர் ரெவிஸ். எதிரணியின் மிகச் சிறந்த ஓட்டக்காரரை அவரிடம் தனியே ஒப்படைத்துவிட்டு ஏனையோரைப் பயிற்சியாளர் ரெக்ஸ் ரயன் முன்னே பாயவிடுவார். அவரிடம் அகப்பட்டவர் தீவில் ஒதுங்கியவருக்குச் சமம் என்பதால் 'ரெவிஸ் தீவு' என்றே பெயர் வந்தது. 2009இல் அவர் ஆறு பந்துகளை இடைமறித்துப் பிடித்தார். 31 பந்துகளைத் தட்டிவிட்டார். எனினும், அவ்வாண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருது சாள்ஸ் வூட்சனுக்கே கிடைத்தது. வூட்சனும் மாபெரும் காவலர்தான். அவர் ஒன்பது பந்துகளைப் பிடித்திருந்தார். பிடித்த பந்துகளை எண்ணலாம். எறியத் துணியாத பந்துகளை எவ்வாறு எண்ணுவது?

"மாமா, அவற்ற பக்கம் பந்து எறியவே பயப்படுவாங்கள். அப்பிடி ஒரு ஆளை விக்கலாமே?" என்று மருமகன் என்னிடம் முறையிட்டான். விற்றதற்குக் காரணம் இருந்தது. 2012 புரட்டாதியில் ரெவிஸின் முழங்காலில் தசைநார் அறுந்திருந்தது. அவர் எதிர்பார்த்த ஊதியமும் பெரிது. அவரை வாங்கிய டாம்பா பே அணி ஆறு ஆண்டுகளுக்கு 96 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது.

நான்கு நாட்களின் பின், 25ஆந் திகதி இரவு, ஜெட்ஸ் தனது ஒன்பதாவது தெரிவாக அலபாமா பல்கலைக்கழகத்தின் டீ மில்லினரின் பெயரை அறிவித்தது. அவரும் கோர்னர்பெக். வயது 21. தங்கை வீட்டு மண்டபத்தில் மருமகனின் நண்பர்கள் நால்வரும் அயல்வீட்டு முதியவர் ஒருவரும் கூடியிருந்தார்கள். அந்த முதியவர் 1969 ஜனவரியில் ஜெட்ஸ் வென்ற ஒரேயொரு கிண்ணத்தை நேரில் கண்டதாகச் சொல்லிக்கொள்பவர். அன்று தொடங்கிய வாதம் நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை.

முதியவரின் கட்சி எளிமையானது. பந்தெறிபவருக்கு இரண்டு நொடிகளே கிடைத்தால் சாதாரணக் காவலரும் சமாளிப்பார்; ஐந்து நொடிகள் கிடைத்தால் ரெவிஸ்கூடத் திணறுவார். ஆகவே, பந்தெறிபவரைத் துரத்தி வீழ்த்தும் வீரரையே எடுத்திருக்க வேண்டும் என்றார். ரயனின் வியூகத்தில் ஓரக் காவலர் தனித்து நின்றேயாக வேண்டும், அந்த ஆள் இல்லாவிட்டால் வியூகமே சரிந்துவிடும் என்பது மருமகனின் பதில். மற்றொருவர், மில்லினர் அந்தப் பங்குனியில்தான் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்பதை நினைவூட்டினார். ஒருவர் மாத்திரம் எதுவும் பேசாமல், மில்லினர் ரெவிஸ் அல்லர் என்பதையே திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், அன்றைய விவாதத்தின் சாரம் அந்த முணுமுணுப்பில்தான் இருந்தது. அதில் ஒரு அநீதியும் இருந்தது.

ஏனெனில், ரெவிஸுக்குப் பதிலாகக் கிடைத்த தெரிவு ஒன்பதாவது அன்று, பதின்மூன்றாவது. அதில் ஜெட்ஸ் எடுத்தது ஷெல்டன் ரிச்சட்சன் என்ற முன்வரிசை வீரரை. அவ்வாண்டின் சிறந்த அறிமுகத் தற்காப்பு வீரர் விருது ரிச்சட்சனுக்கே கிடைத்தது. கணக்குப்படி பார்த்தால் ரெவிஸின் விலை அங்கேயே ஓரளவுக்கு ஈடாகிவிட்டது. ஆனால், ரெவிஸ் நின்ற இடத்தில் நின்றவர் மில்லினர் என்பதால் இரசிகர்கள் அந்தக் கடனை அவர் பெயரிலேயே எழுதினார்கள். முதலாவது பருவத்தில் ஆட்டங்களின் நடுவே அவரை வெளியே அமர்த்தும் நிலை மூன்று தடவைகள் ஏற்பட்டது. பின்னர் அவர் தேறினார். இறுதி ஆட்டத்தில் மியாமிக்கு எதிராக இரண்டு பந்துகளைப் பிடித்தார். டிசெம்பர் மாதத்தின் சிறந்த அறிமுகத் தற்காப்பு வீரராகவும் தெரிவானார். அப்போது மருமகன் எனக்குத் தொலைபேசியில் வெற்றிமுரசு கொட்டினான். 2014 ஒக்டோபரில் மில்லினரின் குதிகால் தசைநார் அறுந்தது. 2016இல் அணி அவரை விடுவித்தது. எல்லோரும் தோளைப்பற்றி வாதாடினார்கள், முறிந்தது குதிகால்.

தெரிவு இலக்கத்தை வைத்து மனிதரை அளப்பவர்கள் 2015 பெப்ரவரி முதலாந் திகதி நடந்த சுப்பர் போல் ஆட்டத்தை நினைவிற்கொள்ள வேண்டும். சியாட்டில் அணியின் பின்வரிசையில் நின்ற ரிச்சட் ஷேர்மன் 2011இன் ஐந்தாவது சுற்றில் 154ஆவதாக எடுக்கப்பட்டவர். எதிரே நியூ இங்கிலாந்து அணியில், டாம்பா பே ஒரே பருவத்தில் கைவிட்டிருந்த ரெவிஸ். ஆனால், கடைசி அரை நிமிடத்தில், கோட்டுக்கு ஒரு யார் தூரத்தில், சியாட்டில் எறிந்த பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்தவர் மல்கம் பட்லர். அவரை ஏழு சுற்றுகளிலும் எந்த அணியும் தெரிவுசெய்திருக்கவில்லை. 28-24 என்ற கணக்கில் நியூ இங்கிலாந்து வென்றது. அன்று பட்லரைக் கொண்டாடிய எவரும் ரெவிஸ் அந்த ஆட்டத்தில் என்ன செய்தார் என்று கேட்கவில்லை. ரெவிஸ் 2023இல், தகுதி பெற்ற முதலாவது ஆண்டிலேயே, இந்த ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

ஜெட்ஸ் மீண்டும் 2022இல் நான்காவது தெரிவாக ஒரு கோர்னர்பெக்கை எடுத்தது. அஹ்மத் 'சோஸ்' கார்ட்னர். அவ்வாண்டின் சிறந்த அறிமுகத் தற்காப்பு வீரர் அவரே. 2025 நவம்பரில், இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகளுக்கும் ஒரு வீரருக்குமாக அவரை இண்டியானாபொலிஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தி வந்த இரவு மருமகன் அழைத்தான். இப்போது அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. 2010ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் அவனது அணி இறுதிக் கட்டத்துக்குத் தகுதிபெற்றதேயில்லை. இம்முறை அவன் அழவில்லை. "நல்ல பேரம் மாமா. கிடைச்ச ரெண்டையும் வைச்சுப் பந்தெறியிறவனை விழுத்துற ஆளை எடுக்க வேணும். ரெண்டு நொடிக்கு மேல குடுத்தால் எந்தக் காவலராலும் ஏலாது" என்றான். 2013இல் அயல்வீட்டு முதியவர் சொன்ன அதே வாதம். இரவு முழுவதும் அவன் மறுத்த வாதம். முதியவர் இரண்டாவது கிண்ணத்தைக் காணாமலே காலமாகிவிட்டார். கார்ட்னரின் இடத்தில் யார் நிற்பது என்று கேட்டேன். அதைப்பற்றி நண்பர்களுடன் இன்னமும் வாதாடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான்.